சித்தப்பாவின் லினக்ஸ் மடிக்கணினிக்கு எந்த ஆபிஸ்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. சித்தப்பாவின் மடிக்கணினியோ விண்டோஸ் 11-ஐ ஏற்காத அளவுக்குப் பழசு. பழுது ஒன்றும் இல்லை, தூக்கிப்போட அவருக்கு மனசும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 நிறுவிக் கொடுத்தேன். எல்லாம் முடிந்து திரை வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “சரிடா, இதுல வேர்டு எங்க?”

“லிப்ரே ஆபிஸ்னு ஒண்ணு ஏற்கெனவே உள்ளேயே இருக்கு சித்தப்பா.”

“அது வேர்டு மாதிரியே இருக்குமா? பக்கத்து வீட்டுப் பையன் வேற என்னமோ சொன்னானே, ஒன்லி ஆபிஸோ என்னவோ.”

பையன் சொன்னதும் தப்பில்லை. ஆனால் எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால் சித்தப்பாவுக்கு என்ன வேலை என்று பார்க்க வேண்டும். அவர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். மாதக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் எழுதுவார். சந்தாக் கணக்கை எக்செலில் வைத்திருக்கிறார். அவ்வப்போது ஏதாவது அலுவலகத்திலிருந்து வேர்டின் டாக்எக்ஸ் கோப்பில் ஒரு படிவம் வரும், நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். இந்த மூன்றும்தான் அளவுகோல். உங்கள் வேலை வேறாக இருந்தால் என் தீர்ப்பும் உங்களுக்கு வேறாகத்தான் இருக்கும்.

முதலில் ஒரு சின்ன விஷயம். எதையும் இறக்குவதற்கு முன், விசைப்பலகையில் விண்டோஸ் சின்னம் போட்ட விசையை ஒருமுறை அழுத்தி ‘ரைட்டர்’ என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். மின்ட்டில் லிப்ரே ஆபிஸ் கூடவே வருவதால், அதில் வேர்டு வேலையைச் செய்யும் ரைட்டர் உடனே தென்படும். லினக்ஸின் இன்னொரு வகையான உபுண்டுவில் அப்படிச் சொல்ல முடியாது. 23.10 பதிப்பிலிருந்து, நிறுவும்போது கூடுதல் மென்பொருட்களும் வேண்டும் என்று நாமாகத் தேர்ந்தெடுத்தால்தான் ஆபிஸ் வரும். வெறுமனே ‘நெக்ஸ்ட்’ கொடுத்துக்கொண்டே போனால் வராது. இது தெரியாமல் “லினக்ஸில் ஆபிஸே கிடையாது” என்று முடிவு கட்டிவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

லிப்ரே ஆபிஸுக்கு ஒரு குடும்பக் கதை உண்டு, குழப்பம் தீர அதைச் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியில் பிறந்த ஸ்டார் ஆபிஸை 1999-இல் சன் நிறுவனம் வாங்கி, மறு வருடமே அதன் மூலநிரலை ஓப்பன் ஆபிஸ் என்ற பெயரில் திறந்துவிட்டது. 2010-இல் சன் ஆரக்கிளின் கைக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் நிரலாளர்களில் பெரும்பகுதியினர் பிரிந்துபோய் டாக்குமென்ட் பவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் கொண்டுபோன கிளைதான் லிப்ரே ஆபிஸ். மீதமிருந்த ஓப்பன் ஆபிஸை 2011-இல் ஆரக்கிள் அப்பாச்சி என்ற மென்பொருள் அமைப்பிடம் ஒப்படைத்தது. அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் 2014-இல் வந்த 4.1 பதிப்புக்குப் பிறகு சிறு சிறு திருத்தங்கள்தான் வருகின்றன; டாக்எக்ஸ் கோப்பைத் திறக்கும், அதே வடிவில் சேமிக்கத் தெரியாது. பழைய புத்தகங்களிலும் வகுப்புக் குறிப்புகளிலும் ஓப்பன் ஆபிஸ் என்று படித்தவர்கள் அதையே தேடி இறக்குவார்கள். வேண்டாம், அந்தப் பாடம் அப்படியே லிப்ரே ஆபிஸுக்கும் பொருந்தும்.

ஆக உண்மையான போட்டி லிப்ரே ஆபிஸுக்கும் ஒன்லி ஆபிஸுக்கும்தான்.

ஒன்லி ஆபிஸைத் திறந்தால் வேர்டு பழகியவர்களுக்கு உடனே கை ஓடும். மேலே பட்டைப் பட்டையாகப் பொத்தான்கள்; கடிதமும் கணக்கும் ஒரே சாளரத்தில் பிரவுசர் மாதிரி தாவல்களாக நிற்கும். அதன் தாய்மொழியே வேர்டின் டாக்எக்ஸ், எக்செலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவங்கள். அட்டவணைக்குள் அட்டவணை, ஓரத்தில் பெட்டி, மூலையில் முத்திரை என்று யாரோ வேர்டில் மல்லுக்கட்டிச் செய்த படிவம் பெரும்பாலும் அதில் கலையாமல் திறக்கும். இதுவும் கட்டற்ற மென்பொருள்தான், அதாவது யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளும்படி மூலநிரல் ஏஜிபிஎல் என்ற உரிமத்தில் கிடைக்கிறது. உள்ளுக்குள் குரோமியம் பிரவுசரின் எந்திரம் ஓடுவதால் நினைவகம் கொஞ்சம் அதிகம் தின்னும்.

லிப்ரே ஆபிஸ் பார்க்க அவ்வளவு பளபளப்பாக இருக்காது. வேண்டுமானால் ‘வியூ’ மெனுவில் ‘யூசர் இன்டர்ஃபேஸ்’ போய் ‘டேப்டு’ என்பதைத் தேர்ந்தால் வேர்டு சாயல் வந்துவிடும்; சித்தப்பாவுக்கு அதைத்தான் செய்து கொடுத்தேன். ஆழம் என்று பார்த்தால் இதுதான் பெரியது. எழுத ரைட்டர், கணக்குக்கு கால்க், ஸ்லைடுகளுக்கு இம்ப்ரெஸ் மட்டுமின்றிப் படம் வரைய டிரா, தரவுத்தளத்துக்கு பேஸ், சூத்திரங்களுக்கு மேத் என்று ஆறு பேர் கொண்ட குடும்பம். தமிழ் இடைமுகமும் உண்டு, மொழிப் பொதியைத் தனியாக நிறுவிக்கொள்ளலாம். ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு சுமார் 30,000 கணினிகளை இதற்கு மாற்றப்போவதாக 2024-இல் அறிவித்தது. இதைச் சொன்னதும் சித்தப்பாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. “கவர்ன்மென்ட்டே மாறுதுன்னா சரிதான்.”

இதன் இயல்பான கோப்பு வடிவத்தின் பெயர் ஓடிடி. “சினிமா பாக்குறதாடா?” என்றார். இல்லை, எழுத்து ஒன்றானாலும் ஆள் வேறு. இந்த ஓடிடியை வேர்டும் திறக்கும் என்றாலும், வெளியே அனுப்பும் கோப்பு டாக்எக்ஸாக இருப்பதே நல்லது. ‘டூல்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘லோட்/சேவ்’, ‘ஜெனரல்’ என்று போனால் எப்போதும் டாக்எக்ஸாகவே சேமிக்கும்படி மாற்றலாம். நான் மாற்றவில்லை. தனக்கு எழுதுவதை ஓடிடியில் வைத்துக்கொண்டு, கேட்பவருக்கு மட்டும் டாக்எக்ஸ் கொடுப்பதுதான் என் வழக்கம். ஒரே கோப்பைத் திரும்பத் திரும்ப இரண்டு வடிவங்களுக்கும் மாற்றிக்கொண்டிருந்தால்தான் அமைப்பு குலைகிறது.

டபிள்யூபிஎஸ் ஆபிஸ், ஃப்ரீ ஆபிஸ் இரண்டையும் பலர் சொல்வார்கள். முன்னது சீனாவின் கிங்சாப்ட் தருவது, பின்னது ஜெர்மனியின் சாப்ட்மேக்கர் தருவது. இரண்டுக்கும் காசு கிடையாது, இரண்டும் டாக்எக்ஸை நன்றாகவே கையாளும். ஆனால் விலையில்லாதது எல்லாம் கட்டற்றது ஆகிவிடாது. மூலநிரல் மூடியே இருக்கிறது. நாளைக்கு நிறுவனம் மனசு மாறினால் நாம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. விண்டோஸிலிருந்து வெளியே வந்த கையோடு இன்னொரு மூடிய வீட்டுக்குள் நுழைவானேன் என்பது என் கட்சி. கட்டாயம் வந்தால் குற்றமும் சொல்ல மாட்டேன்.

வீட்டு அலமாரியில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி ஏதாவது தூங்கிக்கொண்டிருந்தால், அதில் 2 ஜிபி நினைவகம்தான் இருக்கிறதென்றால், அபிவேர்டு, நியூமெரிக் என்ற இரண்டு இலேசான மென்பொருட்கள் போதும். கணக்குக்கு நியூமெரிக் உண்மையிலேயே கெட்டிக்காரன். அபிவேர்டை நம்பி டாக்எக்ஸ் படிவத்தை ஒப்படைக்க மட்டும் மாட்டேன். கூகுள் டாக்ஸ் பற்றி ஒரே வரி: இணையம் தடையில்லாமல் வரும் வீட்டில் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எழுத்துரு. “லிப்ரே ஆபிஸ்ல திறந்தா எல்லாம் கலைஞ்சுபோகுது” என்ற புகாரில் பாதிக்கு மேல் மென்பொருளின் தப்பே இல்லை. வேர்டில் கலிப்ரி எழுத்துருவில் அடித்த கடிதத்தை லினக்ஸுக்குக் கொண்டுவருகிறோம். இங்கே கலிப்ரி கிடையாது. வேறு எழுத்துரு வந்து உட்காரும், அகலம் மாறும், வரி மாறும், முதல் பக்கத்தின் கடைசியில் இருந்த கையெழுத்து இரண்டாம் பக்கத்துக்குத் தாவும். இதற்கென்றே எழுத்தின் அகலத்தை அப்படியே ஒத்த மாற்றுகள் செய்து வைத்திருக்கிறார்கள். கலிப்ரிக்கு கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்கு கலாடியா. ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் இரண்டுக்கும் லிபரேஷன் குடும்பம். சாப்ட்வேர் மேனேஜரில் கார்லிட்டோ, கலாடியா இரண்டையும் தேடி நிறுவிவிடுங்கள்.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் ஒரு படி மேலே. விண்டோஸில் தட்டச்சு செய்தவர் லதா அல்லது நிர்மலா பயன்படுத்தியிருப்பார். அவை லினக்ஸோடு வருவதில்லை. யூனிகோடு என்பதால் எழுத்து ஒழுங்காகத் தெரியும், பக்க அமைப்பு மட்டும் நகரும். இறுதி வடிவம் என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிடுவதே நல்லது. லிப்ரே ஆபிஸில் அதற்கு மேல்பட்டையிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு வேறு கதை. சித்தப்பாவின் பத்து வருட நடவடிக்கைக் குறிப்புகள் அப்படித்தான் இருந்தன. திறந்ததும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்ததைப் பார்த்து அவருக்கு வியர்த்துவிட்டது. ஒன்றும் அழியவில்லை. பழைய கணினியிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்துவந்து, இரட்டைச் சொடுக்கு போட்டு ‘இன்ஸ்டால்’ கொடுத்ததும் தமிழ் திரும்பி வந்தது. ஆபிஸை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும், அவ்வளவுதான். புதிதாக எழுதுவதை மட்டும் யூனிகோடில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

யூனிகோடில் தட்டச்ச, ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு ஐபஸ்-எம்17என் பொதியையும் நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்நுழைந்து, தமிழ் வரிசையில் தமிழ்99-ஐயோ ஃபொனெடிக்கையோ சேர்க்க வேண்டும். பிறகு லிப்ரே ஆபிஸின் ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில் மொழி அமைப்புக்குப் போய் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்ற கட்டத்தில் தமிழைத் தேர்ந்துகொள்ளுங்கள். லிப்ரே ஆபிஸ் ஆங்கிலத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என இரண்டு எழுத்துருக் கணக்கு வைத்திருக்கிறது. இது தெரியாததால்தான் “எழுத்துருவை மாத்துறேன், தமிழ் மட்டும் மாற மாட்டேங்குது” என்று புதியவர்கள் திணறுகிறார்கள். இரண்டு ஆபிஸில் எதை எடுத்தாலும் ‘கொ’, ‘கௌ’, ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ நான்கையும் அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அந்த நான்கும் சரியாக விழுந்தால் பெரும்பாலும் மற்றதெல்லாம் சரியாக விழும்.

எதை நிறுவுவது என்பதைவிட எந்த வழியில் நிறுவுவது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். நானும் அடிபட்டவன்தான். விண்டோஸ் பழக்கத்தில், நேராக இணையதளத்துக்குப் போய் லிப்ரே ஆபிஸின் புத்தம்புதிய பதிப்பை இறக்கினேன். வந்தது ஒரு சுருக்கக் கோப்பு. பிரித்தால் உள்ளே ஒரு கட்டு டெப் என்ற நிறுவல் கோப்புகள். ஒவ்வொன்றாக இரட்டைச் சொடுக்கு போட்டு, ஒன்று இன்னொன்று இல்லாமல் வராது என்று சண்டை பிடித்து, கடைசியில், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நிறுவினேன். மெனுவில் இப்போது இரண்டு ரைட்டர். ஏற்கெனவே இருந்தது ஒன்று, நான் போட்டது ஒன்று. இணையதளத்திலிருந்து போட்டது தனியாக ‘ஆப்ட்’ கோப்புறையில் போய் உட்கார்ந்திருந்தது. கணினி தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும்போது அதைத் தொடவே இல்லை. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், புதுசு என்று நான் ஆசைப்பட்டுப் போட்டதுதான் வீட்டிலேயே பழசு.

அதனால் முதல் வழி, லினக்ஸின் சொந்தக் களஞ்சியம். மின்ட்டில் சாப்ட்வேர் மேனேஜர், உபுண்டுவில் ஆப் சென்டர். தேடு, நிறுவு என்று இரண்டு சொடுக்கில் முடியும். டெர்மினலுக்குப் பயமில்லை என்றால் சூடோ, ஆப்ட், இன்ஸ்டால், லிப்ரேஆபிஸ் என்ற நான்கு சொற்களை ஆங்கிலச் சின்ன எழுத்தில், நடுவே இடைவெளி விட்டு அடித்து என்டர் தட்டுங்கள். கடவுச்சொல் கேட்கும். மின்ட்டில் அடிக்க அடிக்க நட்சத்திரக் குறி தெரியும்; வேறு சில லினக்ஸ்களில் திரையில் ஒரு புள்ளிகூட நகராது. விசைப்பலகை செத்துவிட்டதோ என்று நினைக்க வேண்டாம், அது அப்படித்தான். இந்த வழியில் வருவது ஒரு படி பழைய பதிப்பாக இருக்கும். மின்ட் 22-இல் 24.2, அதாவது 2024 ஜனவரி கடைசியில் வந்தது. சங்கக் கணக்கு எழுத அது தாராளம். பாதுகாப்புத் திருத்தங்கள் கணினியின் வழக்கமான புதுப்பித்தலோடு தானாக வந்து சேரும்.

இரண்டாவது வழி ஃபிளாட்பேக். மென்பொருளைத் தன் சாமான் செட்டோடு ஒரு பெட்டிக்குள் போட்டுத் தரும் முறை. புதிய பதிப்பு கிடைக்கும், எந்த லினக்ஸிலும் ஓடும். முதல் தடவை அடித்தளப் பொதிகளும் சேர்ந்து இறங்குவதால் டேட்டா கணக்குப் பார்ப்பவர்கள் யோசிக்க வேண்டும். மின்ட்டில் ஒரே மென்பொருளுக்குக் களஞ்சியப் பதிப்பு, ஃபிளாட்பேக் பதிப்பு என்று இரண்டும் காட்டும். அங்கே கவனமில்லாமல் இரண்டாவதையும் நிறுவினால் மறுபடியும் இரட்டை ரைட்டர்தான், அமைப்புகளும் தனித்தனி. ஒன்லி ஆபிஸ் மின்ட்டின் சொந்தக் களஞ்சியத்தில் இல்லை என்பதால் அதற்கு மட்டும் நான் இந்த வழியை எடுத்தேன்.

உபுண்டுவின் ஸ்நாப்பும் இதே மாதிரி பெட்டிதான். முதல் தடவை திறக்கும்போது கொஞ்சம் யோசிக்கும், பென் டிரைவில் உள்ள கோப்பைத் தொடத் தனி அனுமதி கேட்கலாம். கோப்பெல்லாம் பென் டிரைவிலேயே வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இது தலைவலி. ஆப் சென்டரில் தேடும்போது மேலே ‘டெபியன்’ பொதிகள் என்று வடிகட்டிப் பார்த்தால் களஞ்சியப் பதிப்பு தென்படும்.

ஆப்இமேஜ் என்பது நிறுவவே வேண்டாத ஒற்றைக் கோப்பு. இறக்கி, வலது சொடுக்கில் இயக்க அனுமதி கொடுத்தால் ஓடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உபுண்டு 22.04-இலிருந்து, அதற்குத் தேவையான ஃப்யூஸ்2 நிரலகம் உடன் வருவதில்லை. இரட்டைச் சொடுக்கு போட்டால் ஒன்றுமே நடக்காது, பிழைச் செய்தியும் வராது. புதியவர்களுக்கு இந்த மௌனத்தைவிடக் கொடுமை இல்லை.

திறப்பதில் வரும் தகராறுகள் சொற்பம். மின்சாரம் போய்க் கணினி அணைந்தால், அடுத்த முறை “கோப்பு வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள்” என்கிற மாதிரி ஒரு எச்சரிக்கை வரும். அது லிப்ரே ஆபிஸ் கோப்புக்குப் பக்கத்திலேயே ஒளித்து வைத்த பூட்டுக் கோப்பு. ஆபிஸை மூடிவிட்டு, கோப்புறையில் கன்ட்ரோல்-எச் அழுத்தினால் புள்ளியில் தொடங்கும் பெயரோடு தெரியும், அழித்துவிடலாம். சொடுக்கியும் திறக்கவே இல்லை என்றால் பழைய இயக்கம் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். வெளியேறி உள்நுழைந்தால் சரியாகும். அப்படியும் முரண்டு பிடித்தால் ‘சேஃப் மோட்’ என்று ஒன்று இருக்கிறது, அதில் திறந்து அமைப்புகளைப் புதிதாக்கிக்கொள்ளலாம்.

சித்தப்பாவின் கணினியில் இரண்டுமே இருக்கின்றன. அவை ஒன்றோடு ஒன்று மோதிக்கொள்வதில்லை. குறிப்பும் கணக்கும் லிப்ரே ஆபிஸில், வெளியிலிருந்து வரும் படிவம் ஒன்லி ஆபிஸில். டாக்எக்ஸ் கோப்பில் வலது சொடுக்கு போட்டு ‘ஓப்பன் வித்’ வழியாக ஒன்லி ஆபிஸையே இயல்பானதாக வைத்துவிட்டேன், அவர் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. கீழ்ப்பட்டையில் ரைட்டர், கால்க் சின்னங்கள் மட்டும்.

போன வாரம் போன் செய்தார். ஆபிஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிரின்டர் ஓடவில்லையாம்.